குழாயிலிருந்து பறந்த பஞ்சு

ஸ்பீக்கர் பெட்டி வேலையை ஜூலையில் ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோதுதான் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். நடுவில் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன். சரியாக வந்ததைவிட அதுதான் யாருக்காவது உதவும்.

முதலில் ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. அங்கே போய் வூஃபர் (அடித்தொனியைத் தரும் ஸ்பீக்கர்) என்று கேட்டால் "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பெட்டி செய்கிறவனுக்கு வாட்ஸ் அவ்வளவு முக்கியமில்லை. வேண்டியது மூன்று எண்கள்: பெட்டியில்லாமல் வெறுமனே இருக்கும்போது வூஃபர் தானாக அதிரும் அதிர்வெண், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் எண், கூம்பின் விறைப்புக்கு ஈடான காற்று எத்தனை லிட்டர் என்பது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும்தான் இந்த எண்களிலிருந்து பெட்டியின் அளவைக் கணக்கிடும் வழியைக் காட்டின. அதற்கு முன்னால் பெரும்பாலும் செய்து, கேட்டு, மறுபடி வெட்டி ஒட்டிப் பார்ப்பதுதான். (கணக்குப் போட்டும் நான் அதைத்தான் செய்தேன், அது வேறு விஷயம்.)

நான்காவது கடையில் விவரத்தாளோடு ஆறரை அங்குல வூஃபர் ஒரு ஜோடி கிடைத்தது. 42 ஹெர்ட்ஸ், 0.38, 21 லிட்டர். இதற்குச் சுமார் 20 லிட்டர் பெட்டி போதும். அதில் 42 ஹெர்ட்ஸுக்குச் சேருகிற மாதிரி ஒரு குழாய் வைக்க வேண்டும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி கேட்குமே, அதே சங்கதி. பாட்டில் பெரிதானாலும் கழுத்து நீண்டாலும் சுருதி இறங்கும்.

மரம் 18 மி.மீ. பிளைவுட், ஈரம் தாங்கும் 710 கிரேடு, அரை ஷீட். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டுவதற்குச் சுலபம்தான், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும்; எங்கள் வீட்டுச் சுவர் ஐப்பசியில் வியர்க்கிற அழகைப் பார்த்தால் அதை உள்ளே விட மனம் வரவில்லை. பெட்டியின் வெளி அளவு 40 செ.மீ. உயரம், 24 அகலம், 32 ஆழம். மரக்கடையிலேயே மெஷினில் வெட்டி வாங்கிவிட்டேன். இந்த வேலையில் நான் செய்த புத்திசாலித்தனமான செலவு அது ஒன்றுதான்.

பலகைகளை மொட்டை மாடிக்கு ஏற்றும்போது எதிர்வீட்டு ஆசாரி அண்ணன் பார்த்தார்.

"என்ன தம்பி, கோழிக்கூடா?"

"ஸ்பீக்கர் பெட்டிண்ணே."

"கடையில விக்குதே?"

இதற்குப் பதில் யாரிடமும் கிடையாது. ஆனால் சாயங்காலம் அவரே மூலைமட்டத்தோடு வந்துவிட்டார். நான்கு கிளாம்ப் வைத்துக்கொண்டு நான் திண்டாடியதைப் பார்த்துவிட்டு, பழைய சைக்கிள் ட்யூப் இரண்டை நீளமாகக் கீறி, பசை போட்ட பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினார். நான்கு பக்கமும் ஒரே சீராக இறுகி, ஃபெவிக்கால் கோடு மாதிரிப் பிதுங்கி வந்தது. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தார். ஒரு பக்கம் 46.4, மறுபக்கம் 46.8. கொட்டாப்புளியால் நீளமான மூலையில் ஒரு தட்டு. இரண்டும் 46.6. "இப்ப காயட்டும், நாளைக்கு வரைக்கும் கை வைக்காத."

வூஃபருக்கான ஓட்டையை ஜிக்சாவில் வெட்டினேன். முதல் ஓட்டை முட்டை வடிவம். இரண்டாவது பரவாயில்லை. முட்டையை மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து நிரப்பி வட்டமாக்கினேன். வூஃபரின் விளிம்பு மூடிவிடுவதால் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது மாதிரி பக்கப் பலகையைத் தட்டினால் நட்டநடுவில் 'டொங்' என்றது. உள்ளே குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையை, நடுவில் இல்லாமல் சற்று மேலே தள்ளி ஒட்டியதும் அது 'டக்' ஆகிவிட்டது.

அடித்தொனியை வூஃபருக்கும் உச்சத்தொனியை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸோவருக்கு அதிகம் மெனக்கெடவில்லை. 3,000 ஹெர்ட்ஸில் பிரிப்பதற்குப் புத்தகக் கணக்குப்படி 8 ஓமுக்கு 0.85 மில்லி ஹென்றி காயில், 3.3 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர். இந்த வகைச் சர்க்யூட்டில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாடுகிறவர் பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். இரண்டு காயிலையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி வைத்தேன். ட்வீட்டர் கொஞ்சம் கத்தியது, அதற்கு ஒரு ரெசிஸ்டர்.

இனிதான் விஷயம். பாலிஷ் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று, பின்பலகையில் 63 மி.மீ. பிவிசி குழாயைச் செருகி, உள்ளே இலவம் பஞ்சைத் திணித்து, ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். வலந்தலை (வலது பக்கம்) அருமை, சாப்பு அடி ஒவ்வொன்றும் விரலோடு தெரிந்தது. தொப்பிதான் (இடது பக்கம்) சரியில்லை. வித்வான் கையை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டே மேலே போக வேண்டும். இங்கே எங்கே கை வைத்தாலும் ஒரே 'தும்'. தவில் போட்டாலும் அதே 'தும்', மேடைப் பேச்சில் மைக்கைத் தட்டினாலும் அதே 'தும்'. இதற்கு நடுவில் குழாயிலிருந்து இலவம் பஞ்சு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து ஃபேன் காற்றில் கூடம் முழுக்கச் சுற்றியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விளக்குமாற்றை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் வூஃபரைத் திட்டினேன். மூன்றாம் நாள் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால், குழாய் நீளம் போடும்போது பெட்டியின் கொள்ளளவு 30.7 லிட்டர் என்று எழுதியிருக்கிறேன். 40 பெருக்கல் 24 பெருக்கல் 32. வெளி அளவு! உள்ளே 36.4, 20.4, 28.4 தான்; 21 லிட்டர். கட்டை, குழாய், வூஃபரின் பின்புறம் எல்லாம் அடைத்துக்கொண்டது போக பத்தொன்பதரை. 30 லிட்டருக்கு என்று பத்தரை செ.மீ. குழாய் வெட்டி, இருபதுகூட இல்லாத பெட்டியில் செருகியிருக்கிறேன். சுருதி 42-ல் நிற்காமல் 52, 53 வரை ஏறிவிட்டது. அந்த இடத்தில்தான் அந்தத் 'தும்'.

இதைக் கருவி இல்லாமலே பார்க்கலாம். போனில் சைன் அலை தரும் ஆப் ஒன்றைப் போட்டு, ஒலியைக் குறைவாக வைத்து, 70 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கூம்பின் ஓரத்தில் விரல் நுனியை லேசாக வையுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கூம்பு ஓரிடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதே நேரம் குழாய் வாயில் இன்னொரு கையை நீட்டினால் காற்று புஸ்புஸ் என்று அடிக்கும். அதுதான் பெட்டியின் சுருதி. கூம்பு சும்மா இருக்க, வேலையைக் குழாய் செய்கிறது. எனக்கு அது 53-ல் நின்றது.

புதுக் கணக்கில் குழாய் கிட்டத்தட்ட 19 செ.மீ. வெட்டியதை ஒட்டவைக்க முடியாதே என்ற பயத்தில் 21-ல் ஆரம்பித்து அரை அரை செ.மீ.யாகக் குறைத்தேன். 19-ல் கூம்பு 42-ல் நின்றது. இலவம் பஞ்சைத் தலையணைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சை விரிப்பாக வாங்கி, குழாய் வாயை விட்டுத்தள்ளி சுவர்களில் ஒட்டினேன். இன்னும் ஏதோ 'ஃபுர்' என்றது. ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு போனால், பின்பக்க டெர்மினல் அருகே புகை திடுக் திடுக்கென்று விலகியது. ஃபோம் டேப் ஒரு சுற்று. அப்புறம் அதே தனியாவர்த்தனம். கும்கி வழுக்கியது.

தேக்கு வினீர் ஒட்டியது தீபாவளிக்கு முந்தின வாரம். பலகையிலும் வினீரிலும் ஃபெவிக்கால் பூசி, இரண்டும் காய்ந்த பிறகு சேர்த்துவைத்து, மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி இழுத்தால் பசை இளகிப் பிடித்துக்கொள்கிறது. ஓரத்தை உப்புத்தாள் கட்டையால் ஒரே திசையில் தேய்த்து எடுக்க வேண்டும். ஏற்றி இறக்கித் தேய்த்தால் சிம்பு கிளம்பும்.

அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பஞ்சுப் பொட்டலம் கட்டி, பிரெஞ்ச் பாலிஷ் ஏற்ற ஆரம்பித்தேன். எட்டாவது கோட் வரை தேன் நிறம். ஒன்பதாவது கோட் போட்ட அன்று மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் மேல்பலகை முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை பூத்திருக்கிறது. காற்றின் ஈரம் பாலிஷுக்குள் மாட்டிக்கொண்டதால் வந்தது. அதன் மேலேயே இன்னொரு கோட் போட்டு மறைக்கப் பார்த்தது என் அவசரம், இன்னும் வெளுத்தது. மார்கழியில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள், வெறும் ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தை நிறுத்தாமல் லேசாக ஓட்டியதும் வெள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு கோட், வெயில் நாளில் மட்டும்.

பொங்கலன்று ஆசாரி அண்ணன் கரும்போடு வந்தார். நாற்காலியை நடுவில் போட்டு உட்காரவைத்து நாகஸ்வரம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். எழுந்து போய்ப் பெட்டியை விரலால் தட்டினார், மேல்பலகையைத் தடவினார், இடது பெட்டியின் பின்மூலையில் கை நின்றது.

"சத்தம் நல்லாருக்கு தம்பி. இங்க வினீர் தூக்கிக்கிட்டு இருக்கு பாரு. இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வா."