கடுகு, கசகசா, ஒரு காலித் தேனடை

கோத்தகிரியில் மாமா வீட்டில் இரண்டு நாளாக ஒரே மூடுபனி. தேன் வடித்த பழைய அடை ஒன்று அடுப்பங்கரை ஜன்னலில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் சரியாக மூன்று சுவர்கள்தான் சேர்கின்றன. நான் படிக்கிற தேன்கூட்டு அமைப்புக் காந்தப் பொருட்களில் காந்த அணுக்கள் உட்கார்ந்திருப்பது அந்த மூலைகளில்தான், தேன் இருந்த குழியில் இல்லை. (நானே முதல் வருஷம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.)

ஒரு மூலையில் கடுகு, பக்கத்து மூன்றிலும் கசகசா, அதற்கடுத்து மறுபடி கடுகு என்று ஒட்டிக்கொண்டே போனேன். கடுகென்றால் காந்தமுனை மேலே, கசகசாவென்றால் கீழே. பக்கத்து அணுவுக்கு எதிராகத்தான் நிற்பேன் என்று எல்லா அணுவும் அடம்பிடித்தாலும் எங்கேயும் இடிக்கவில்லை. முக்கோணத்தில் இது நடக்காது. இரண்டு பேர் எதிரெதிராக நின்றுவிட்டால் மூன்றாவது ஆள் யாரோடு முறைத்துக்கொள்வது? அந்த இழுபறிதான் ஃப்ரஸ்ட்ரேஷன். தேன்கூட்டு அமைப்பு என்றாலே இழுபறி என்று சிலர் எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்புறம் தேன்கூட்டில் இழுபறி எங்கிருந்து வருகிறது? கடுகுகளை மட்டும் பார்த்தால் அவை தங்களுக்குள் முக்கோணம் போடுகின்றன. அவையும் ஒன்றையொன்று எதிர்க்க ஆரம்பித்து, அந்த எதிர்ப்பு பக்கத்து அணுக்களுக்கிடையிலான எதிர்ப்பில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினாலே ஒழுங்கு குலையும். முனை எந்தத் திசையிலும் சாயலாம் என்று வைத்து, குவாண்டம் விளைவுகளைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது.

இழுபறி வர இன்னொரு வழி இயற்பியலாளர் அலெக்ஸி கிட்டயேவ் 2006இல் சொன்னது, எனக்குப் பிடித்ததும் அதுதான். மூலையில் சேரும் மூன்று சுவரும் மூன்று வேறு கட்டளை போடும்: ஒன்று எக்ஸ் திசையில் நில் என்னும், ஒன்று ஒய், ஒன்று இசட். ஒரே அணு, மூன்று எஜமானர்கள். கிட்டயேவ் இதைத் துல்லியமாகத் தீர்த்தே காட்டினார்; இதற்குக் கீழே குளிரவே முடியாது என்கிற தனிச்சுழி வெப்பநிலையிலும் முனைகள் வரிசைக்கு வராத ஸ்பின் திரவம்.

நிஜப் பொருட்கள் அவ்வளவு சமர்த்தில்லை. ஆல்ஃபா ருத்தேனியம் குளோரைடு சுமார் 7 கெல்வினிலும் சோடியம் இரிடேட் சுமார் 15 கெல்வினிலும் ஜிக்ஜாக்காக ஒழுங்காகிவிடுகின்றன, அதாவது வளைந்து போகும் ஒரு வரிசை முழுக்கக் கடுகு, அடுத்த வரிசை முழுக்கக் கசகசா. ருத்தேனியம் குளோரைடுக்குத் தேன்கூட்டுத் தளத்தின் வாக்கில் 7, 8 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் அந்த ஒழுங்கு கலைகிறது. கலைந்தபின் மிஞ்சுவது கிட்டயேவ் சொன்ன திரவமா என்பதில் இன்னும் சண்டை.

அந்த ஜிக்ஜாக்கை அடையில் பாதி மாற்றி அடுக்கும்போது பாட்டி வந்துவிட்டார். "கசகசா என்ன விலை விக்குது தெரியுமாடா?"