பாட்டோடு பெயரும் வர வேண்டும்

நூலக அறிவியல் முதுகலை படிப்பதற்காகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது என் கைபேசியில் 400க்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. எங்கள் ஊரில், கடலூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு கடையில் மெமரி கார்டைக் கொடுத்து ஏற்றி வாங்கிய பாடல்கள் அவை. பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரி இருக்கும். சில பாடல்களுக்கு 'டிராக் 03' என்பதற்கு மேல் பெயரே கிடையாது. விடுதியில் ஒருவர் கைபேசியிலிருந்து இன்னொருவர் கைபேசிக்குப் புளூடூத் வழியாகப் பாட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. "நல்லா இருக்கும், கேட்டுப் பார்" என்பதுதான் அவற்றோடு வந்த ஒரே குறிப்பு.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பா என் பாட்டுகளைக் கேட்பார். ஒவ்வொன்று முடிந்ததும் "இது யார் எழுதியது?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். மத்திய அலை கடல் தாண்டி வந்து எங்கள் கரையோர ஊர்களில் தெளிவாகக் கேட்ட காலத்தில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரையும், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் பெயர்களையும் பிசகில்லாத தமிழில் சொல்லிவிட்டே பாட்டைத் தொடங்குவார்கள் என்றும், நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தம் ஊர்ப் பெயர் வானொலியில் வருமா என்று வாரக்கணக்கில் காத்திருந்த நண்பர்கள் தமக்கு உண்டு என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டைத் தெரிந்துகொள்வது என்றால் அதை உண்டாக்கியவர்களையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது என்ற பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இப்படித்தான் வந்தது. எனக்கு அது நூலகத்தின் வழியாக வந்தது.

எங்கள் முதல் பருவத்தில் ரங்கநாதனின் நூலக அறிவியல் விதிகள் ஐந்தும் பாடமாக இருந்தன. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931இல் அந்த ஐந்து விதிகளையும் நூலாக எழுதியவர் அவர். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. இரண்டும் ஒன்றுதானே என்று முதலில் தோன்றியது. பிறகுதான் புரிந்தது: இரண்டாவது, தேடி வருபவரின் பக்கம் நிற்கிறது, மூன்றாவது, தேட ஆளின்றி அடுக்கில் கிடக்கும் நூலின் பக்கம் நிற்கிறது. யாரும் கேட்காத நூலையும் அதற்குரியவரின் கையில் சேர்ப்பது நூலகரின் கடமை என்று சொன்ன அந்த விதியின் மேல் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட பற்று இன்றும் குறையவில்லை. கீர்த்தனைகள் இயற்றிய முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த அதே சீர்காழியில்தான் அந்த மனிதரும் பிறந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க அவர் வகுத்த கோலன் வகைப்பாட்டில் நுண்கலைகளுக்கு 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து. இசைக்கு 'என் ஆர்' (NR). அதேபோல நூல்களுக்கு எண் தரும் டூயி தசம வகைப்பாட்டில் இசை 780இல் தொடங்குகிறது. திரைப்பட இசைக்கு 781.542, நாட்டார் இசைக்கு 781.62. இந்த எண்களைப் படித்த வாரத்தில்தான் என் கைபேசியில் இருந்த 400 பாடல்களில் எதையும் எந்த அடுக்கிலும் என்னால் வைக்க முடியாது என்பது உறைத்தது.

பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள், யார் வந்தார், என்ன சொன்னார், என்ன கொடுத்தார் என்று பெயரோடும் நாளோடும் எழுதி வைத்த மனிதர் அவர். அவருடைய பெயர் தாங்கிய கட்டடத்தில், பணியாளர் ஒருவரின் அனுமதியோடு, நாங்கள் நான்கைந்து பேர் வழக்கமாக உட்காரும் மேசையில் ஒரு நீளமான கணக்கு நோட்டைப் போட்டோம். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதினோம்: பாட்டின் முதல் அடி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், நான் இதை முதலில் கேட்ட இடம், நீங்கள் இதைக் கேட்க வேண்டிய வேளை. கடைசியில், நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் போல ஒரு கட்டம்: 'கேட்டேன்' என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு.

முதல் மாதம் நோட்டு முழுக்கத் திரைப்பாடல்கள்தாம். அதில் குறையேதும் இல்லை. ஆனால் முதலில் கேட்ட இடம் என்ற ஐந்தாவது கட்டத்தில் பெரும்பாலோர் 'பேருந்தில்' என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். நோட்டு மாறியது அசாமிலிருந்து வந்து படித்த ஒரு மாணவியால். அசாமிய வைணவ அடியாரான சங்கரதேவர் இயற்றிய போர்கீத் என்ற பக்திப் பாட்டு ஒன்றை எழுதி, அது 500 ஆண்டுப் பழமையான பாட்டு என்றும், தன் ஊர் நாம்கர் என்ற வழிபாட்டுக் கூடத்தில் கோல் என்ற மத்தளத்தோடும் தாளத்தோடும் பாடக் கேட்டதென்றும், எல்லோரும் எழுந்துகொள்ளும் முன்னால் தனியாகக் கேட்க வேண்டும் என்றும் அவர் குறித்திருந்தார். அதற்குக் கீழே எட்டு நாளில் பதினோரு கையெழுத்துகள். அந்த மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விடுதி மொட்டை மாடியில் விடியுமுன் அதைக் கேட்ட நாளை நான் மறக்கவில்லை; பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டின் கடல் இரைச்சல் அடியில் இருந்தது. அவர் வேளையைக் குறிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டைச் சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் நின்றுகொண்டு அரை நிமிடம் கேட்டுத் தள்ளியிருப்பேன்.

அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நான் எழுதியது அப்பரின் 'சொற்றுணை வேதியன்' பதிகம். பண் காந்தார பஞ்சமம். கேதாரகௌளை ராகத்தில் ஓதுவார்கள் பாடுவார்கள். ஏழாம் நூற்றாண்டில், கல்லோடு பிணைத்துக் கடலில் வீசப்பட்ட அப்பர் இந்தப் பதிகத்தைப் பாடி, கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூருக்கு அருகில் கரையேறினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. கடலூரில் அந்த இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர். நான் முதலில் கேட்ட இடம் என்ற கட்டத்தில், 'பாடலீசுவரர் கோயில், ஆறு வயதில், அம்மாவின் தோளில் தூக்கக் கலக்கத்தில்' என்று எழுதினேன். கேட்க வேண்டிய வேளை: 'தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய இரவு.' அசாம் மாணவி முதல் ஆளாகக் கையெழுத்திட்டார்.

நோட்டு வானொலிக்குப் போனது இரண்டாம் பருவத்தில். பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணி 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. நம் நாட்டில் கல்வி நிறுவனங்கள் இத்தகைய நிலையங்களை நடத்தலாம் என்று அரசு 2002இல் முடிவெடுத்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. இவற்றுக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. எட்டும் தொலைவு பத்துப் பதினைந்து கிலோமீட்டர். நிகழ்ச்சியில் பாதிக்காவது அந்த வட்டாரத்து மக்களின் பங்களிப்பு இருக்க வேண்டும். நோட்டிலிருந்து ஐந்து பரிந்துரைகளை எடுத்து, பரிந்துரைத்தவரையே பேசவைத்து, அரை மணி நேரம் பதிவு செய்யலாம் என்று எண்ணிக்கொண்டு போனோம்.

உரிமம்தான் முதல் தடை. திரைப்பாடலை ஒலிபரப்ப உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். நோட்டின் முக்கால் பங்கு அந்த நிமிடத்தில் ஒலிபரப்ப முடியாததாகிவிட்டது. அன்று மாலை நாங்கள் மிகவும் சோர்ந்து போனோம். இப்போது யோசிக்கும்போது, அந்தத் தடை எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த நாள் எழுந்த கேள்வி, எதை நம்மால் பாட முடியும் என்பது. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்து எழுதிய பாடல்களை யார் வேண்டுமானாலும் பாடலாம். அவற்றை நாங்களே பாடினோம், சிலர் சுருதி சேராமல், ஆனால் முழு மனத்தோடு. அடுத்து, வீட்டுப் பாட்டிகளின் பாட்டுகள். பண்ருட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் தன் ஆத்தா நடவு நடும்போது பாடிய பாட்டைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு வந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து தெருக்கூத்துப் பாட்டு வந்தது. கூத்துக்காரர் ஊதிய முகவீணையின் ஒலி எங்கள் பதிவுக் கருவியின் அளவை மீறிக் கிழிந்ததால் அதை இரண்டு முறை பதிவு செய்ய நேர்ந்தது.

அவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது அம்பாப் பாட்டு. விடுதித் தோழி ஒருத்தி பிள்ளைச்சாவடி என்ற மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். நோட்டில் ஒருநாள் அவள் எழுதியிருந்தது: 'கரைவலை இழுக்கும் பாட்டு. எழுதியவர் தெரியாது. பாடுபவர் என் பெரியப்பா. கேட்க வேண்டிய வேளை: அவர் பாடும் வேளை மட்டும்.' எல்லோரும் அவளிடம் போய் நின்றோம். பெரியப்பாவிடம் அவளே கேட்டு அனுமதி வாங்கினாள். கரையில் ஆட்கள் இரு பக்கமும் வடத்தைப் பிடித்து நிற்க, ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்றுச் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். அந்த ஏற்றுச் சொல்லுதல்தான் இழுப்பின் அளவு. வலை கனக்கக் கனக்கப் பாட்டு மெதுவாகும். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கும்போது அடிகள் சுருங்கி வேகம் கூடும். இது மேடையில் பாடக்கூடிய பாட்டு இல்லை. கையில் வடம் இல்லாமல் பாடச் சொன்னபோது பெரியப்பாவுக்கு இரண்டாம் அடிக்கு மேல் நினைவு வரவில்லை. மறுநாள் விடியற்காலை வடத்தைப் பிடித்ததும் இருபது நிமிடம் நிற்காமல் வந்தது. கடற்காற்று ஒலிவாங்கியில் நேராக அடித்ததால், தோழி தன் துப்பட்டாவை மடித்துச் சுற்றி, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் மறைவில் நின்று பதிவு செய்தாள்.

அந்த நிகழ்ச்சி ஒலிபரப்பான மாலையில் பிள்ளைச்சாவடியில் அவர்கள் தெருவே கேட்டதாகச் சொன்னாள். நூலகத்தில் கேட்பவர் பாட்டைத் தேடிப் போகிறார். வானொலியில் பாட்டு அவரைத் தேடிப் போகிறது. ரங்கநாதனின் மூன்றாம் விதி ஒரு மீனவர் குப்பத்தில் நடைமுறைக்கு வந்ததை நான் அன்றைக்குக் கண்டேன். வலைக்குப் போகாமல் நகரத்தில் வேலைக்குப் போகும் இளைஞர் இருவர், அந்தப் பாட்டின் அடிகளை எழுதித் தரும்படி பெரியப்பாவிடம் கேட்டார்களாம்.

ஆனால் என் வீட்டில் யாரும் கேட்கவில்லை. காலாப்பட்டு புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது. கடலூர் புதுச்சேரிக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். எங்கள் அலை நகரத்தைத் தாண்டும் முன்பே ஓய்ந்துவிடும். கடல் கடந்து வந்த கொழும்பு வானொலியைக் கேட்ட அப்பாவுக்கு, இரண்டு பேருந்து மாறினால் வந்துவிடக்கூடிய இடத்திலிருந்து பேசிய தன் பிள்ளையின் குரல் கேட்கவில்லை. அதனால் நிகழ்ச்சியைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, கைபேசியைக் காதோரம் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரமும் ஒன்றும் பேசாமல் கேட்டார். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், ஊர், நாள், பதிவு செய்தவர் எல்லாவற்றையும் நான் சொல்லியிருந்தேன். இந்த முறை கேள்வி வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"நல்லாச் சொல்லியிருக்கிறாய்," என்றார் அப்பா. "எடுத்துக் கொடுத்தவர் பேரு வந்துவிட்டது. ஏற்றுச் சொன்னவர்கள் பேரு?"

திங்கட்கிழமை காலை வகுப்புக்கு முன்னால் தோழியும் நானும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம். அன்று வடம் பிடித்தவர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒரே பெயருள்ள இருவருக்குத் தகப்பனார் பெயரையும் சேர்த்து, நோட்டில் அந்தப் பாட்டுக்கு நேரே இடம் போதாததால் ஓரத்தில் தனித்தாள் ஒட்டி எழுதினோம். அடுத்த வார நிகழ்ச்சியின் தொடக்கத்தில், வேறு எதையும் சொல்வதற்கு முன், அந்தப் பதினான்கு பெயர்களையும் தோழி வாசித்தாள்.