கஞ்சமலைச் சித்தருக்கு ஒரு கொத்து பூளைப்பூ

அத்தை வேண்டிக்கொண்டது எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல் போய்விட்டது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று சாயந்திரம், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள். "கஞ்சமல சித்தருகிட்ட வேண்டியிருக்கேன் கண்ணு. தை அமாவாசைக்கு மேல கரியபெருமாள் கோயில் வரைக்கும் ஏறிட்டு, கீழ வந்து குளத்துல உப்பு மெளகு போட்டுட்டு, சித்தரப் பாக்கணும்." யாரு அத்தை ஏறுறது என்று கேட்டேன். அவர்களுக்கு முட்டி வலி, இவருக்கு இப்போதுதான் உடம்பு தேறுகிறது. "நீதான்" என்றார்கள், ஏதோ கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வது மாதிரி.

இவர் லாரி ஓட்டுகிறவர். சேலத்தில் ஏறி உட்கார்ந்தால் நாக்பூர் வரைக்கும் இறங்க மனசு வராது, ஒன்றுக்கு நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். கல் வராமல் என்ன செய்யும்? ஒரு ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டதைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் போன ஒரு தனியார் மருத்துவமனையில் படத்தைப் பார்த்தவுடன் ஆபரேஷன் என்றார்கள், பணம் கட்டும் இடத்தையும் கையோடு காட்டினார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பொறுமையானவர். 5 மி.மீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், இது 6, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், தண்ணீர் குடிக்கட்டும், காய்ச்சலோ தாங்காத வலியோ வந்தால் உடனே ஓடி வாங்க என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தை அவரிடமே நேராகக் கேட்டுவிட்டு, பக்கத்துக் காலி மனையில் கிடந்த பூளைப்பூச் செடியை வேரோடு பிடுங்கி வந்து கசாயம் வைக்க ஆரம்பித்தார்கள். கல் எதனால் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். டாக்டர் தண்ணீர் என்கிறார், அத்தை பூளைப்பூ என்கிறார்கள், நான் சித்தர் என்கிறேன். எங்கள் மூன்று பேருக்குள்ளும் சண்டை எதுவும் இல்லை.

பூளைப்பூ தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. போகி அன்றைக்குச் சாயந்திரம் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவோமே, அதில் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி இருக்கும் அதேதான். சிலர் பொங்கப்பூ என்பார்கள். வீட்டு நிலைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, காட்டின் மூலைக்கு என்று கட்டிவிட்டு அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, காய்ந்து தானாக விழும், பெருக்கித் தள்ளுவோம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சிறுபீளை என்று தருவார்கள். காலையில் எழுந்ததும் கண் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்தப் பீளைதான். இலைக் கணுவில் துளித்துளியாக வெளுப்பாய் ஒட்டிக்கொண்டிருக்கும் பூவைப் பார்த்து யாரோ வைத்த பெயர். சிறுகண்பீளை, கண்ணுப்பூளை என்றெல்லாம் சொல்வதும் அதனால்தான். அழகான பெயர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தடவை செடியைப் பார்த்துவிட்டால் வேறு பெயர் பொருந்தாது. கீரையாக ஆய்கிறவர்கள் தேங்காய்ப்பூக்கீரை என்கிறார்கள், துருவிய தேங்காய் தூவினாற்போல் இருப்பதால். அரைக்கீரையும் நாயுருவியும் இதன் சொந்தக்காரர்கள்தான். ஏர்வா லனாட்டா என்பது தாவரவியல் பெயர், லனாட்டா என்றால் கம்பளி போர்த்தியது என்று அர்த்தமாம்.

சரி, தை அமாவாசைக்கு வருகிறேன்.

சேலம் இரும்பாலை தாண்டியதிலிருந்தே கூட்டம். பஸ்ஸில் நிற்க இடமில்லை, சித்தர்கோவில் வாசலுக்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோக்காரர் கேட்ட காசுக்குச் சேலத்திலிருந்து தனியாகவே வண்டி பிடித்து வந்திருக்கலாம். செருப்பு விடும் இடத்தில் ஒரு காசு, பை வைக்க ஒரு காசு, நெற்றியில் நாமாகக் கேட்காத விபூதியைப் பூசிவிட்டுத் தட்டை நீட்டுகிறவருக்கு ஒரு காசு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் ஒருவர் தார்பாய் விரித்து வேர், பட்டை, பொடி எல்லாம் பரப்பிக்கொண்டு, "கல்லடைப்பு, கல்லடைப்பு, மூணு நாள்ல தூள் தூளாயிடும்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் முந்நூறு ரூபாய். கல்லுருக்கி மூலிகை, கஞ்சமலையில் மட்டும்தான் கிடைக்கும், அமாவாசை ராத்திரி பறித்தது என்றார். அத்தை பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுப் பக்கத்துல கெடக்கற பூளாப்பூ சாமி, கல்லுருக்கி வேற செடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான், கல்லுருக்கி என்ற பெயரில் நம்மூரில் வேறு ஒரு செடி இருக்கிறது. அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரிடம் கத்தப் போய்விட்டார். வலியில் இருக்கிறவர்கள்தான் இவர்களிடம் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அத்தையையும் இவரையும் கீழே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நானும் பையனும் ஏறினோம். கஞ்சமலையை ரோட்டிலிருந்து பார்த்தால் என்ன பெரிய மலை என்று தோன்றும், ஏறுகிறபோதுதான் தெரியும். படி இருக்கும் இடத்தில் படி, மற்ற இடத்தில் கல்லும் சரளையும், கால் வைத்தால் உருள்கிறது. தை மாசம்தானே, பனி இருக்கும் என்று நினைத்துப் போனேன். பனியெல்லாம் ஏழு மணியோடு சரி, அப்புறம் வெயில் நேராக மண்டையில். மலை முழுக்க இரும்புத்தாது, கல்லெல்லாம் கருத்து, கையில் எடுத்தால் சின்னக் கல்லும் கனக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பையன் கொண்டு வந்திருந்தான், வழியெல்லாம் கல்லில் வைத்து வைத்துப் பார்த்து, ஒட்டுதும்மா ஒட்டுதும்மா என்று ஒரே கூத்து. கீழே இருக்கும் குளத்துக்குக் காந்த தீர்த்தம் என்று பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்றேன், அவன் அதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டான்.

பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. முடியாது, அத்தையிடம் போய் மேலே போய்விட்டு வந்தேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, சித்தர் மன்னிக்கட்டும். ஒரு பாறை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே பார்த்தேன், காலுக்குப் பக்கத்தில், பாறை இடுக்கில், பூளைப்பூ. அங்கே மட்டுமில்லை, சரிவு முழுக்க. இவ்வளவு நேரம் அதை மிதித்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறோம்.

எனக்குச் சட்டென்று ஆலங்குடி ஞாபகம் வந்தது. குருப்பெயர்ச்சிக்கு நாம் வரிசை கட்டிக்கொண்டு போகிறோமே, அந்த ஆலங்குடிதான். தேவாரத்தில் அந்த ஊருக்கு இரும்பூளை என்று பெயர், சம்பந்தர் பாடிய தலம். ஊருக்கே அந்தப் பெயர் வந்தது பூளையால்தான், அங்கே தலவிருட்சமும் பூளைதான். அரசு, வில்வம், வன்னி என்று மரங்கள் வரிசையில் நிற்க, முழங்கால் உயரம்கூட வளராத செடிக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார் ஆபத்சகாயேசுவரர். அவர் பெயரும் பாருங்கள், ஆபத்தில் உதவுகிறவர். பி.ஏ. தமிழ் படித்த காலத்தில் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களை மனப்பாடம் செய்தோம், அதிலும் பூளை உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவைத்தான் உவமை சொல்லியிருப்பார்கள். பரீட்சைக்குப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இவர் தரையில் உருண்ட ராத்திரிக்கு அப்புறம், அந்தப் பாறை மேல் உட்கார்ந்து அதையெல்லாம் நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையன் பயந்துவிட்டான்.

அப்போது ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார்கள். "என்னாத்தா, ஏற முடியலயா? இன்னும் கொஞ்ச தூரந்தான், பெருமாள நெனச்சுக்க, கால் தன்னால போவும்" என்றார்கள். பூளைப்பூ ஒரு கொத்து பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார்கள். "இதுக்குப் போயி யாருகிட்ட கேக்கற? ஆடே திங்குது."

மேலே கரியபெருமாளைப் பற்றி விரிவாக எழுதத் தெரியவில்லை. காற்று, துளசி, கூட்டமே இல்லாத தரிசனம், அவ்வளவுதான். வேண்டுதலில் பாதி முடிந்தது என்ற நிம்மதியில் அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது. இறங்கும்போது முட்டி நடுங்கியதுதான் மிச்சம்.

கீழே வந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. குளத்தில் உப்பும் மிளகும் போட்டோம், மரு உதிர வேண்டும் என்று போடுகிறவர்கள்தான் அதிகம், எங்களுக்குக் கல் உதிர்ந்ததற்கு. கரையெல்லாம் பாலிதீன் கவரும் நசுங்கிய பாக்கெட்டும். உப்பைக் கொட்டுகிறவர்கள் கவரைப் பையில் போட்டுக்கொண்டு போனால் சித்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் வரிசை. வரிசை என்று பெயர்தான், முன்னால் இரண்டு பேர் இருந்தால் அவர்களோடு சேர்ந்தவர்கள் என்று பத்துப் பேர் நுழைகிறார்கள். தெரிந்தவரைப் பிடித்துப் பக்கவாட்டு வழியில் போகிறவர்கள் வேறு. நிற்க முடியாமல் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டத்தில் சண்டைக்குப் போவார், அன்றைக்கு வாயே திறக்கவில்லை, கையில் தண்ணீர் பாட்டிலை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

வரிசையில் நிற்கிற நேரத்தில் அத்தை பேரனுக்கு அந்தக் கதையைச் சொன்னார்கள். வயசான சித்தர் மூலிகை தேடி சீடரோடு இந்த மலைக்கு வந்தது, சோறு பொங்கும்போது கிளற அகப்பை இல்லாமல் சீடர் பக்கத்தில் கிடந்த ஒரு செடியின் குச்சியை ஒடித்துக் கிளறியது, சோறு கரேலென்று ஆனது, குரு திட்டுவாரே என்று பயந்து அதைத் தானே தின்றுவிட்டு சீடர் இளைஞனாகிப் போனது. அந்த இளம்பிள்ளையின் பெயர்தான் பக்கத்து ஊருக்கு என்பார்கள். "அது என்ன குச்சி பாட்டி?" என்றான். "அது தெரிஞ்சா நான் ஏன்டா முட்டி வலியோட நிக்கறேன்?" வரிசையில் முன்னால் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே போனோம். எத்தனையோ தடவை பார்த்த சித்தேஸ்வரர்தான். ஆனால் அன்றைக்குத் தீபாராதனை நேரம், திரையை விலக்கியதும் அந்த இளமையான முகம் அப்படியே எதிரே. என்னென்ன கேட்க வேண்டும் என்று மலை மேலிருந்து யோசித்துக்கொண்டு வந்தவை ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், நகருங்க நகருங்க என்று குரல், எனக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இவர் அழுகிறார். கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில், மாமனார் காரியத்தில்கூட அழாத மனுஷன், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். அத்தை மகனைப் பார்க்கவே இல்லை, சாமியை விட்டுக் கண் எடுக்கவில்லை, "போதும் சாமி, போதும் சாமி" என்று அது மட்டும்தான். முந்தானையில் முடிந்திருந்த பூளைப்பூக் கொத்தை நான் குருக்களிடம் நீட்டினேன். அவர் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டுபோய் வில்வத்தோடு சேர்த்து சாமி காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, விபூதி கொடுக்கும்போது கேட்டார்: "யாருக்குக் கல்லு?"

சித்தேஸ்வரா, உனக்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த ஒரு கேள்விக்கே நான் இன்னொரு தடவை மலை ஏறுவேன். அந்த ஆட்டோக்காரரையும் பொடி விற்றவரையும்கூட வெளியே வந்தபோது திட்ட மனசு வரவில்லை, அவர்கள் குடும்பமும் நன்றாக இருக்கட்டும்.

போகிறவர்கள் முடிந்தால் அமாவாசையை விட்டுவிட்டுச் சாதாரண நாளில் போங்கள், நின்று பார்க்கலாம். மேலே ஏறுவதாக இருந்தால் விடிவதற்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் கட்டாயம். இடுப்பு வலி என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் அவரைக் கேட்டுக்கொண்டு கசாயம் குடியுங்கள், பொட்டலக்காரரிடம் போகாதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையிடம் ஆலங்குடிக் கதையைச் சொன்னேன். இரும்பூளை என்றதும் இரும்பாலை ஸ்டாப் வந்துவிட்டதென்று எழுந்துவிட்டார்கள். உட்கார வைத்து முழுசாகச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அங்கயும் ஒருக்கா போயிட்டு வந்துரலாம் கண்ணு" என்றார்கள். லாரிக்கு மாற்று டிரைவர் கிடைக்குமா என்று இவர் அப்போதே போன் போட ஆரம்பித்துவிட்டார்.