வலையோரம் ஏழு பேர்

பிப்ரவரி 21, 2025, வெள்ளி

மகனின் பள்ளி பேஸ்பால் ஆட்டம். பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் இருக்கும் வலையை ஒட்டி, தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஏழு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகன் பந்து வீசக் கையை ஓங்கியதும் வேகத்தை அளக்கும் ஏழு ரேடார் கன்னும் ஒன்றாக எழுந்தன. பந்து கையுறையில் விழுந்ததும் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். மணிக்கு 91 மைல் என்றார் ஒருவர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் நோட்டில் பந்துக்கு ஒரு கோடு போடுவதை விடவில்லை. இன்று 68 பந்து.

17, 18 வயதுப் பையன்கள் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 61 வந்தால் மூன்று நாள் ஓய்வு, 81 வந்தால் நான்கு நாள் என்று அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் வழிகாட்டியே சொல்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஒரு ஸ்கவுட் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன். மகனின் தோள், மணிக்கட்டு எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் இருவரின் உயரத்தையும் கேட்டார். அப்புறம் என்னுடன் பிறந்தவர்களைப் பற்றி. தம்பி ஆறடி ஒன்று என்றேன், குறித்துக்கொண்டார். பையன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்பதைக் குடும்பத்தை வைத்துக் கணிப்பார்களாம். இரவு மதுரைக்குப் பேசும்போது சொன்னேன். "தாய்மாமன் வாகு வரும்னு நாங்க சொல்றதுதானே இது?" என்றாள் அம்மா.

கிளம்பும் முன் அவர் கேட்டது இதுதான்: எவ்வளவு கொடுத்தால் கல்லூரிக்குப் போகாமல் தொழில்முறை அணிக்கு வருவான்? அணிகள் வருடாவருடம் சுற்றுச் சுற்றாக ஆள் எடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது வரை, மறுபடி எடுக்க மாட்டார்கள். நாங்கள் தொகை எதுவும் சொல்லவில்லை. மகன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் குமார் ராக்கர் என்ற பிட்சரின் (பந்து வீசுபவர்) நினைவு வந்தது. அவன் அம்மா இந்திய வம்சாவளி. அவன் படித்ததும் இதே ஜார்ஜியா மாநிலத்தில்தான். 2018இல் 38ஆவது சுற்றில் எடுத்தார்கள். போகாமல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவனை அந்த டிராஃப்டின் மூன்றாவது ஆளாக எடுத்தது. இப்போதெல்லாம் டிராஃப்ட் 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது.

மார்ச் 25, செவ்வாய்

கோபம் அடங்கவில்லை. ஐந்தாம் இன்னிங்ஸ் முடிவில் 93 பந்து. வேகம் 87க்கு இறங்கியிருந்தது, முழங்கை தாழ்ந்து வந்தது. அணி உட்காரும் டக்அவுட் பக்கம் பெற்றோர் யாரும் போவதில்லை, நான் போனேன். "இத்தனை பேர் பார்க்க வந்திருக்கிறார்கள், இன்னும் ஒரு இன்னிங்ஸ்தான்" என்றார் பயிற்சியாளர். மகனும் "பரவாயில்லம்மா" என்றான். முடிந்தபோது 109.

இரவு தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை அவனுக்கு. ஐஸ் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முழங்கை நாரை மாற்றி வைத்தார். இன்று அதே அறுவைசிகிச்சை பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது.

மார்ச் 29, சனி

இன்று வீச மாட்டான் என்று முந்தாநாளே எழுத்தில் கொடுத்துவிட்டோம். அது தெரிந்ததும் ஸ்கவுட்டுகள் ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கினார்கள். வீட்டுக்கு வந்தவர் மட்டும் என்னிடம் வந்து, செவ்வாய்க்கிழமை எத்தனை என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். 109ஐ வெகுநேரம் பார்த்தார். "நல்ல வேளை, நிறுத்தினீர்கள்" என்றார்.

நோட்டைத் திருப்பி வாங்கும் முன் மகன் வந்து எடுத்துக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்து, இன்று வீசிய பையனுக்கு ஐந்து ஐந்தாகக் கோடு போட்டான். எழுபதைத் தாண்டியதும் எழுந்து போய்ப் பயிற்சியாளரிடம் காட்டினான்.