ஆய்வு முடிந்த பிறகு தேடிப் போவது

மருந்து ஆய்வில் சேர்ந்தவர்களைக் கடைசி விசிட் வரை கூட்டி வருவது ஒரு வேலை. ஆய்வு முடிந்து வருடங்கள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போவது வேறு வேலை. காரைக்குடிப் பக்கம் ஒரு சர்க்கரை நோய் ஆய்வில் கோஆர்டினேட்டராக இருந்துவிட்டு, அதன் பின்தொடர்தலிலும் மாட்டிக்கொண்டவள் நான். இரண்டாவதுதான் கஷ்டம். ஆய்வு நடக்கும்போது மருந்து இலவசம், டாக்டரைப் பார்க்க வரிசை கிடையாது, பஸ் காசும் கைக்கு வந்துவிடும். முடிந்த பிறகு எங்களிடம் கொடுக்க எதுவும் இல்லை, கேட்பதற்கு மட்டும் நிறைய இருக்கும்.

அப்படியும் ஏன் தேட வேண்டும்? பிரிட்டனில் 1997-இல் முடிந்த யூ.கே.பி.டி.எஸ். என்ற பெரிய சர்க்கரை நோய் ஆய்வைச் சொல்லலாம். முடிந்த ஒரு வருடத்திலேயே, சர்க்கரையை இறுக்கிப் பிடித்த குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவுக்கும் இடையே சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனாலும் அவர்களை விடாமல் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆரம்பத்திலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது அப்போதுதான் உறுதியானது. முடிவு 2008-இல் வெளிவந்தது. முதல் ஐந்து வருடம் கிளினிக்குக்கு வரவழைத்துப் பார்த்தார்கள், அப்புறம் கேள்வித்தாள் மட்டும்தான்.

செட்டிநாட்டில் தபாலை நம்ப முடியாது. வீடு கண்டிப்பாக இருக்கும், வீட்டில் ஆள் இருக்கமாட்டார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகளோடு இருப்பார். சாவி பார்த்துக்கொள்பவரிடம் இருக்கும். நகரத்தார் எங்கே போனாலும் கோயில் புள்ளிக் கணக்கில், அதாவது கோயிலில் வைத்திருக்கும் குடும்பப் பதிவில், பெயர் இருக்கும், அங்கே கேட்டால் ஆள் கிடைத்துவிடும். ஆனால் கேட்கக் கூடாது. விசாரித்தாலே இன்னாருக்குச் சர்க்கரை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. அவரே ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்த உறவினர் நம்பர்கள்தான் வழி. வாடகை வீட்டில் இருந்த கொத்தனாரும் சித்தாளும் திருப்பூருக்குப் போய்விட்டால் அந்த வழியும் இல்லை. தெரியாத நம்பர் என்றால் கடன் வசூலிக்கிற கூட்டம் என்று நினைத்து யாரும் எடுப்பதில்லை. தைப்பூசத்தை ஒட்டித் தேதி குறித்தால் பாதிப் பேர் பழநிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நடப்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைப் போனில் சொல்வதில்லை.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி. எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் புதுப் படிவமுமாகப் போய் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தேன். படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பேனாவைத் தொடவில்லை.

"முடிஞ்சுபோச்சுன்னு சொல்லித்தானே அனுப்பினீக? இப்ப எதுக்கும்மா ரத்தம்?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, எனக்குக் கொடுத்தது நெச மருந்தா, சும்மா மாத்திரையா? அதை மொதல்ல சொல்லு" என்றார்.

நியாயமான கேள்வி. ஆய்வு நடக்கும்போது யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. கணக்கை முடித்துப் பூட்டிய பிறகு சொல்லலாம், ஆனால் நடத்திய நிறுவனத்திலிருந்து கடிதம் வந்து சேரவில்லை. "கேட்டு எழுதி வாங்கி வருகிறேன் ஆச்சி" என்று எழுந்தேன். கடிதம் வந்த பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவருடைய மகள் வீட்டு நம்பரையும் அவராகவே கொடுத்தார்.

வராதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை வைத்தே கணக்குப் போடலாமே என்று சில டாக்டர்கள் கேட்பார்கள். கால் புண்ணோடு மதுரையில் மகன் வீட்டில் படுத்திருப்பவரும் வரமாட்டார், உடம்பு நன்றாக இருந்து மலேசியாவில் வேலை பார்ப்பவரும் வரமாட்டார். முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாமல் போகும். இனி வேண்டாம் என்று சொன்னவர் கதை வேறு. அது அவருடைய உரிமை, அவரை மறுபடி கூப்பிடுவது தொல்லை.

ஆனால் ஆட்கள் நம்மை விட்டுப் போகிறார்கள் என்று மீட்டிங்கில் பேசும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். முதலில் விட்டுப் போவது நாம்தான். ஆய்வு முடிந்த மாதமே நர்ஸுக்கும் ஃபீல்டு பையனுக்கும் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆய்வுக்கென்று வைத்திருந்த சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போட ஆள் இல்லை. ஆச்சிக்குத் தெரிந்தது ஆய்வின் பெயர் அல்ல, வீட்டுக்கு வந்த பெண்ணின் முகம். புது முகம் புதுப் படிவத்தோடு வந்தால் யார் கதவைத் திறப்பார்கள்? அதனால் பட்ஜெட் போடும்போதே, ஆய்வு முடிந்த பிறகும் ஒரு பழைய ஆளுக்குப் பாதிச் சம்பளம், அதே நம்பர், வருடத்துக்கு இரண்டு முறை போன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.