கண்ணில் குறையில்லை, முகம் அறிவதில்தான் என்று தெரிய நான்கு மாதம்

போன ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் முடிந்து, குருமண்வெளிக்குத் திரும்பப் பாதைக்காக (வாவியைக் கடக்கும் மிதவை) காத்து நின்றோம். சனக் கூட்டத்தில் மகனின் கை நழுவியது. திரும்பிப் பார்த்தால், என்னைப் போலவே பச்சைச் சேலை உடுத்திருந்த வேறொரு பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் குனிந்து சிரித்தபோதும், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தபோதும் அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. நான் கூப்பிட்ட குரல் கேட்ட பிறகுதான் ஓடி வந்தான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

அதற்கு முன்பே அடையாளங்கள் இருந்தன. நான் தலைக்குக் குளித்துத் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தால் கிட்ட வரமாட்டான். பாலர் பாடசாலை ஆசிரியையைச் சந்தையில் கண்டால் தெரியாதவர்போல் கடந்து போவான். 'மரியாதை பழக்குங்கள்' என்றார் அவர். 'கண்ணைப் பார்த்துக் கதை மனே' என்று அம்மம்மா அவன் தாடையைப் பிடித்துத் திருப்புவார். அவன் அழுவான்.

குடும்பநல உத்தியோகத்தர் அடுத்த நாளே கடிதம் தந்துவிட்டார். அலைச்சல் அதற்குப் பிறகுதான். முதலில் கண் பரிசோதனை, பிறகு காது. இவை தேவையானவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் 'ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்' என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். முடிவைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் இடத்தில் அதே பரிசோதனைகளுக்குத் திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது. நீங்கள் கேட்டு வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

அடுத்த திகதி போட்டுத் தந்த எழுதுநர் கலண்டரைப் பார்க்கவில்லை. நாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் பிள்ளையை நித்திரையோடு தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனால் வாசல் பூட்டு. காவலாளி, 'இன்று போயா, அம்மா' என்றார். பௌர்ணமி விடுமுறை. மறு திகதி ஆறு கிழமைக்குப் பிறகு. அன்றும் சாளரத்தில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் தள்ளினார்: முத்திரை இல்லையாம். 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் அலைகிறீர்கள்?' என்று வேறு கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் எரிகிறது.

ஒருவழியாகப் பேச்சுச் சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் முகங்கள் வரைந்த அட்டைகளைக் காட்டினார். சிரிப்பு, அழுகை, கோபம் என்று மகன் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். அவர் சரி போட்டுக்கொண்டே போனார். இன்றும் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குக் கை நடுங்கியது. உடனே என் கொப்பியை எடுத்து வைத்தேன். எந்த நாள், யாரை, எந்த உடுப்பில் அவன் அடையாளம் காணவில்லை என்று தீர்த்தத்திலிருந்து எழுதி வந்தது. தொலைபேசியில் ஒரு காணொளியும் இருந்தது. என் தங்கை கண்ணாடியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, பேசாமல் நிற்கிறாள். தினமும் மடியில் இருக்கும் பிள்ளை பின்வாங்குகிறான். சிகிச்சையாளர் பேனையை வைத்துவிட்டு அதை இரண்டு முறை பார்த்தார்.

அட்டையில் வரைந்த வாய் அசையாமல் இருக்கும், உயிருள்ள முகம் நொடிக்கு நொடி மாறும் என்று அவர் விளக்கினார். கண்ணைப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு வேதனை, தாடையைப் பிடித்துத் திருப்பவே கூடாது என்றார். அவர் சொன்ன ஓட்டிசம் (பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு தரும் மூளை வளர்ச்சி நிலை) பற்றிப் பிறகு நானே தேடி வாசித்தேன். 2002இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படக்காட்சி பார்ப்பவர்களின் கண்ணசைவைக் கருவியால் பின்தொடர்ந்தார்கள். ஓட்டிசம் உள்ள இளைஞர்கள் மற்றவர்களைவிடக் கண்களைக் குறைவாகவும் வாயை அதிகமாகவும் பார்த்தார்கள். அதற்காக ஓட்டிசமும், தெரிந்தவர் முகத்தையே அடையாளம் காண முடியாத முகமறியாமையும் ஒன்றல்ல. முகங்களை நன்றாக அறியும் ஓட்டிசப் பிள்ளைகள் உண்டு. ஓட்டிசம் இல்லாமலே முகமறியாதவர்களும் உண்டு. மூளைக் காயத்தால் அப்படியானவர்களைப் பற்றி போடமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1947இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே அறிக்கையில் 'ஓட்டிசம்' என்ற சொல் மட்டும் போதாது. முகம் அறிவதில் உள்ள சிரமத்தையும் தனியாக எழுதும்படி கேளுங்கள். நான் கேட்டேன், எழுதினார்.

வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வந்தவர் போனவர் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், என் கன்னத்தையும் தடவினாள். வில்லியம்ஸ் நோய்க்குறி என்றார் அவள் தாய். 7ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) ஒரு சிறு துண்டு இல்லாததால் வருவது. யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள் என்று அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடியே இருந்தார். இரண்டு தாய்மாரும் ஒரே பயத்தோடு இருந்தோம்.

வீட்டில் இப்போது மாறாத அடையாளங்களைப் பழக்குகிறோம். அப்பாவுக்கு உடைந்த பல், அம்மம்மாவுக்கு நெற்றித் தழும்பு, எனக்கு இடப் புருவத்தின் மேல் மறு. வருகிறவர்கள் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவனைத் தொட வேண்டும். அம்மம்மா இரண்டு நாள் கோபித்தார், பிறகு அவரே வாசலில் நின்று 'அம்மம்மா வந்திருக்கிறேன்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார். போன வெள்ளி நான் புதுச் சேலையோடு, தலைக்குத் துவாயும் சுற்றி, வாய் திறக்காமல் நின்றேன். வெகுநேரம் பார்த்தான். கிட்ட வந்து புருவத்தின் மேல் விரலை வைத்து 'அம்மா' என்றான்.

தரம் ஒன்று விண்ணப்பத்துக்காகச் செவ்வாய்க்கிழமை வலயக் கல்வி அலுவலகம் போகிறேன். அறிக்கையில் முத்திரை இருக்கிறது, மூன்று பிரதி எடுத்தாயிற்று, அன்று போயா இல்லை.