கேட் சாவி

ஜனவரி 4, 2025, சனி

நேற்று இரவு 10:40-க்குப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றேன், இருபது நிமிஷம். வீட்டுக்காரர் பத்தரைக்குப் பூட்டிவிடுவார். மாடியில் குடியிருக்கும் எனக்குச் சாவி கிடையாது, மூன்று வருஷமாகக் கேட்டும் கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து திறந்தவர் திட்டவெல்லாம் இல்லை, "என்னம்மா, ஆபீஸா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. போனது மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்கு. எனக்கு ஆபீஸே கிடையாது, நாலு கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன், அது அவருக்கும் தெரியும். 39 வயதில், பாட்டு கேட்கப் போனதற்கு ஒரு பொய், அதுவும் இரண்டு பேருக்கும் பொய் என்று தெரிந்த பொய்.

இந்த ஊரில் இன்னொரு வீடு பார்த்தால் இன்னொரு கேட். லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் என் வேலை எங்கேயும் நடக்கும். புதுச்சேரி என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அங்கே போனபோதெல்லாம் தோள் கொஞ்சம் இறங்குகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ், மூன்றரை மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காலை ஏழரை வரைக்கும் நடக்கிறவர்களுக்குத்தான் ரோடு. பாறைமேல் தனியாக ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பாறையில் ஒரு பாட்டியும் தனியாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டியபின் மணலை அரித்துக்கொண்டு போய், பல வருஷம் இந்தப் பக்கம் வெறும் பாறைதான் இருந்தது. 2018-இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு போட்ட பிறகு காந்தி சிலைக்கு வடக்கே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. போன தடவை பாறை பார்த்த இடத்தில் இப்போது பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனிலேயே வீடு பார்க்கலாமா என்று புரோக்கரிடம் கேட்டேன். சிரித்தார். "மேடம், அங்க மனுஷங்க குடியிருக்கறது குறைஞ்சு போச்சு, எல்லாம் காபி கடையும் கெஸ்ட் ஹவுஸும்தான்." சரி, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பார்ப்போம் என்றேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஊரைப் பிரித்த வாய்க்கால், இன்றைக்கும் வாடகையைப் பிரிக்கிறது.

பிப்ரவரி 1, சனி

மூன்று வீடு.

ஒன்று, லாஸ்பேட்டை. "வீட்டுக்காரர் எங்க வேலை செய்றார்?" இல்லை என்றதும் "அப்ப அம்மா அப்பா வந்து தங்குவாங்கல்ல?" அதுவும் இல்லை என்றதும், வீட்டைத் தன் மச்சினருக்குத் தருவதாக ஏற்கனவே சொல்லியிருப்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

இரண்டு, ரெயின்போ நகர். நல்ல வெளிச்சம், வாடகையும் குறைவு, கேள்வியும் குறைவு. ஹாலில் மட்டும் ஒரே சுவரில் மூன்று காலண்டர், மூன்றும் இடுப்பு உயரத்தில். இடுப்பு உயரத்தில் யார் காலண்டர் மாட்டுவார்கள்? ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பாக ஒரு கோடு, சுவர் முழுக்க நேராக ஓடுகிறது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் விட்டுப்போன கோடு. அன்றைக்கு இந்த ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் காலண்டரைத் திரும்ப விட்டுவிட்டேன்.

மூன்று, நகரத்துக்குள்ளேயே. "சைவமா?" அப்புறம், கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீங்க என்ன ஆளுங்க?"

அவ்வளவுதான், அதே கேட். புரோக்கர் பைக்கை ஸ்டார்ட் செய்யுமுன் அனுபவஸ்தர் மாதிரி ஒரு யோசனை சொன்னார்: "வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார்னு சொல்லிடுங்க மேடம். எவன் போய் பாக்கப் போறான்." இந்த ஊரில் எத்தனை பேருக்கு இப்படித் துபாயில் புருஷனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாரோ!

பிப்ரவரி 2, ஞாயிறு

பஸ்ஸுக்கு நேரமிருந்தது, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டுக்குப் போனேன். 1908-இல் ஆங்கிலேயப் போலீஸுக்குத் தப்பி வந்தவர் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறார். 1910-இல் அரவிந்தரும் வந்து சேர்ந்தார். எல்லையைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் சட்டம் எட்டாது, ஒற்றர்கள் மட்டும் தெருமுனையில் நிற்பார்கள். எனக்குப் பிடித்தது பாரதியாருக்கு வீடு விட்ட விளக்கெண்ணெய்ச் செட்டியார்தான். வாடகை பாக்கிக்காக வருவாராம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாராம், கேட்காமலே போய்விடுவாராம். இந்த ஊர் அந்தச் செட்டியாருக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும்.

வாட்ஸப்பில் ஒருத்தி "ஆரோவில்ல இருந்துடேன், அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்கிறாள். அங்கேதான் அதிகம் கேட்பார்கள், அது ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்கிற இடம் இல்லை. நிலமும் வீடும் பவுண்டேஷனுடையது. சேர வேண்டுமென்றால் புதுவரவாக இருந்து, வேலை செய்து, அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தப்பில்லை, லட்சியத்துக்காக வருகிறவர்களுக்குச் சரிதான். எனக்கு லட்சியமெல்லாம் இல்லை, ஒரு சாவி வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோட்டக்குப்பம். முத்தியால்பேட்டையிலிருந்து அப்படியே நடந்தால் போர்டு மாறுகிறது, தமிழ்நாடு. புதுச்சேரிப் பக்கம் சாராயக் கடை, இந்தப் பக்கம் செக்போஸ்ட். வீடு பிடித்திருந்தது, பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது என்றேன். "அப்ப சட்டத்துலயே போய் குடியிருங்க" என்றார். கோபம் வரவில்லை, நல்ல பதில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புரோக்கர் இல்லாமல் கிடைத்தது. குருசுக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு சும்மா கேட்டேன். டீ மாஸ்டர் வடிகட்டியாலேயே ஒரு மாடியைக் காட்டி, "சொல்தா வீட்டம்மா ஒருத்தங்க இருக்காங்க, கேளு" என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்த வீட்டம்மாவின் கணவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது, பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. பையன் பாரீஸ் பக்கத்தில். பிரான்சில் தேர்தல் வந்தால் இங்கிருந்தே ஓட்டுப் போடுவாராம். இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை, சங்கரா மீன் ஆய்ந்துகொண்டே அவராகச் சொன்னது. செதில் முற்றம் முழுக்கத் தெறித்தது, என் செருப்பிலும் இரண்டு.

அப்புறம் கேள்விகள். நான் தயாராகத்தான் இருந்தேன், துபாய் கூட நாக்கு நுனியில் இருந்தது.

"மீன் நாத்தம் ஒத்துக்குமா?"

ஒத்துக்கும்மா.

"மோட்டார் போட்டா மறக்காம அமத்துவியா? முன்ன இருந்தவன் தொட்டி வழிய வழிய தூங்கினான்."

அமத்துவேன்மா.

கையைக் கழுவிக்கொண்டு ஆணியிலிருந்து இரண்டு சாவி எடுத்தார். "இது மாடி, இது கேட்டு." எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று நானே கேட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை. "நீ எப்ப வந்தா எனக்கு இன்னா? நாய் குலைக்கும், அதுக்கு ஒரு பிஸ்கட்டு போடு." அட்வான்ஸ் ஐந்து மாதம். பேரமே பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது, காலை நாலு மணிக்கே தெரு எழுந்துவிட்டது. வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று சாமிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், மேளச் சத்தத்தில் கணக்கு எதுவும் எழுத முடியவில்லை. அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், இன்றைக்கு வாசலில் குடம் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினார். என்னை எழுப்பி உப்பு போடச் சொன்னார், அதிகமாகப் போட்டுவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

நிதானமான ஊர், சாவகாசமான ஊர் என்று இதுவரைக்கும் நினைத்ததற்கு இன்றைக்குக் கொஞ்சம் பதில். குழாய் ஒழுகி ஒன்பது நாள் ஆகிறது. பிளம்பர் "இதோ வரேன்" என்கிறார், நிஜமாகவே வருவதாக நினைத்துத்தான் சொல்கிறார். வாஷர் வாங்க நானே போனேன், மதியம் ஒன்றேகால், கடை பூட்டு. நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். நிதானத்தை வாங்கினால் இதுவும் சேர்ந்துதான் வருகிறது. வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

பழைய நண்பன் ஒருவன் சனிக்கிழமை வந்து ராத்திரி தங்கினான். சென்னையில் மூன்று வருஷம் இந்த வரியை நாட்குறிப்பில்கூட எழுதியிருக்க மாட்டேன். காலையில் அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார், "மேல வந்திருக்கவர் காரம் சாப்புடுவாரா?" அவ்வளவுதான். மீன்குழம்பு வந்தது, கூடவே இரண்டு தட்டு.

கேட்கவில்லை என்பதற்காகத் தெருவுக்குத் தெரியாது என்றில்லை. டீ மாஸ்டர் "நேத்து கெஸ்ட்டா?" என்று சர்க்கரை போட்டார். அம்மாவும் ஒன்றும் புண்ணியவதி இல்லை, எதிர் வீட்டு மருமகளைப் பற்றி தினம் எனக்கு ஒரு அத்தியாயம் வருகிறது. என்னைப் பற்றி எதிர் வீட்டுக்கு என்ன போகிறதோ. போகட்டும், சாவி என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கீழே பக்கத்து அறை காலி. அம்மா சர்ச்சுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, யாராவது வந்தால் காட்டச் சொன்னார். பதினொரு மணிக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள், ஹோட்டலில் வேலை, ஒருவனுக்குக் காதில் வளையம். கதவைத் திறந்துவிட்டு நான் கேட்கிறேன்: "ரெண்டு பேர்தானா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்களா? நைட்டு எத்தனை மணிக்கு வருவீங்க?"

வளையம் போட்டவன் யோசிக்கவே இல்லை. "யாரும் வரமாட்டாங்கக்கா. வேலைக்குப் போய்ட்டு வந்து தூங்கறதுதான்." எனக்கு மனப்பாடமான பதில், எத்தனையோ வாசலில் நின்று நான் சொன்னது, அதே வேகத்தில். மற்றவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்புறம் அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.